விடை ஏன் தப்பியது? நிலைமக் குறிப்பாயமா இல்லையா என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

இயக்கவியல் கணக்கில் விடை தப்பினால் பெரும்பாலானவர்கள் கூட்டல் கழித்தலைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. பேருந்துக்குள் இருந்து பார்க்கிறோமா, சாலையில் நின்று பார்க்கிறோமா (எங்கிருந்து பார்த்து அளக்கிறோமோ அதுதான் குறிப்பாயம்) என்று முடிவு செய்யாமலே விசைப்படம் வரைந்திருப்பார்கள். கோளாறு ஆரம்பிப்பது அங்கேதான். கீழே இருப்பவை அப்படி அடிக்கடி தென்படும் அறிகுறிகள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுடையது எதுவோ நேராக அங்கே போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்றவை எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன.

முதல் சோதனை: விசையைக் கொடுப்பது யார்?

ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் செயல்படும் ஒவ்வொரு விசைக்கும் பக்கத்தில், அதைக் கொடுப்பது எது என்று எழுதுங்கள். புவி, கயிறு, தரை, காற்று, காந்தம், இருக்கையின் முதுகுப்பக்கம் என ஏதாவது ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயர் எழுத முடியாத விசையை இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். எல்லாவற்றையும் திசையோடு கூட்டி, பொருளின் நிறையால் வகுங்கள். கிடைக்கும் முடுக்கமும், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அளக்கும்போது அந்தப் பொருளுக்குத் தெரியும் முடுக்கமும் ஒன்றாக இருந்தால் நீங்கள் இருப்பது நிலைமக் குறிப்பாயம். ஒத்துவரவில்லை என்றால் நிலைமமற்ற குறிப்பாயம். எவ்வளவு இடிக்கிறதோ, அதைச் சரிக்கட்டச் சேர்ப்பதுதான் போலி விசை.

இடிக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்: ஏதாவது உண்மையான விசையை விட்டுவிட்டோமா? இதற்கு எளிய வழி, ஒரே இடத்தில் வெவ்வேறு பொருள்களை வைத்துப் பார்ப்பது. இரும்புக் குண்டு நகர்கிறது, மரக்குண்டு நகரவில்லை என்றால் பக்கத்தில் காந்தம் இருக்கிறது. குறிப்பாயத்தின் மேல் பழி போடாதீர்கள். இரும்பு, மரம், கண்ணாடி எல்லாமே ஒரே முடுக்கத்தோடு நகர்ந்தால்தான் குறிப்பாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். போலி விசை எப்போதும் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதால் பொருள் எதுவானாலும் அது தரும் முடுக்கம் மாறாது. கொடுப்பவர் இல்லாததால் அதற்கு எதிர்ச்செயலும் கிடையாது. நியூட்டனின் மூன்றாம் விதியை அதனிடம் தேடினால் நேரம்தான் வீணாகும்.

புவியீர்ப்பும் நிறைக்கு நேர்விகிதம்தானே என்று இங்கேயே ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. லிஃப்ட் விழும் இடத்தில் அதற்கு வருகிறேன்.

அறிகுறி: ரயில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, போலி விசை போட்டேன், விடை தப்பு

வேகம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. நேர்கோட்டில், மாறாத வேகத்தில் போகும் ரயில் நிலைமக் குறிப்பாயம்தான். பிரேக் போட்டாலோ, வேகம் எடுத்தாலோ, வளைவில் திரும்பினாலோதான் அது மாறும். வளைவில் வேகமானி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாலும் திசை மாறுகிறது, அதனால் முடுக்கம் உண்டு. ‘ஓடுகிறதா’ என்று கேட்காமல் ‘முடுக்கம் இருக்கிறதா’ என்று கேட்டால் போதும்.

அறிகுறி: லிஃப்ட் கணக்கில் விடை 120 நியூட்டன் அதிகமாக வருகிறது

60 கிலோ நிறையுள்ளவர், மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பும் லிஃப்டில் எடை மெஷின் மேல் நிற்கிறார். மெஷின் அவரை எவ்வளவு விசையோடு தாங்குகிறது?

தரையில் நின்று பார்த்தால் அவர் 2 மீ/வி² முடுக்கத்தோடு மேலே போகிறார். புவி கீழே இழுப்பது 588 நியூட்டன். நிகர விசை 60 × 2 = 120. ஆகவே மெஷின் தருவது 588 + 120 = 708 நியூட்டன். மெஷினின் முகப்பில் சுமார் 72 கிலோ என்று காட்டும்.

லிஃப்டுக்குள் இருந்து பார்த்தால் அவர் அசையாமல் நிற்கிறார், முடுக்கம் சுழி. புவி 588 கீழே, போலி விசை 120 அதுவும் கீழே. இரண்டையும் மெஷின் தாங்க வேண்டும். மறுபடியும் 708.

828 என்று உங்களுக்கு வந்திருந்தால், போலி விசையையும் போட்டு, சமன்பாட்டின் மறுபக்கத்தில் நிறை பெருக்கல் முடுக்கத்தையும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலை லிஃப்டிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துப் போட்ட கணக்கு அது. சரிசெய்ய ஒரு வழி: விசைப்படம் வரையும் முன்பே தாளின் மேல் மூலையில் ‘தரையிலிருந்து’ அல்லது ‘லிஃப்டிலிருந்து’ என்று எழுதிவிடுங்கள். நடுவில் மாற்றத் தோன்றினால் புதுத் தாள் எடுங்கள். சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும்.

விடை 468 என்று வந்திருந்தால் அது வேறு கோளாறு. முடுக்கத்தின் திசையை மாற்றி எடுத்திருக்கிறீர்கள். மேலே போய்க்கொண்டே நிற்கப்போகும் லிஃப்டுக்கும், கீழே இறங்கத் தொடங்கும் லிஃப்டுக்கும் முடுக்கம் கீழ்நோக்கித்தான். இரண்டிலும் 468தான் சரியான விடை. லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பதை மறந்துவிட்டு, அதன் வேகம் எந்தப் பக்கமாகக் கூடுகிறது என்று பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் சார்புதானே? பேருந்து நிற்கிறது, சாலைதான் முடுக்கமடைகிறது என்று சொன்னால் என்ன?

திசைவேகத்துக்கு அந்த வாதம் செல்லும். முடுக்கத்துக்குச் செல்லாது. பேருந்து கிளம்பும்போது உள்ளே நிற்பவர்தான் பின்னால் சாய்கிறார், சாலையோரம் நிற்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இருவரில் யார் முடுக்கமடைகிறார் என்பதைக் கண்டுபிடிக்க மற்றவரைப் பார்க்கவே வேண்டாம். 1687-இல் நியூட்டன் எழுதிய வாளிச் சோதனை இதைத்தான் சொல்கிறது. முறுக்கிய கயிற்றில் தொங்கும் தண்ணீர் வாளியை விட்டால் முதலில் வாளி மட்டும் சுற்றும், தண்ணீர் மட்டமாக இருக்கும். பிறகு தண்ணீரும் சேர்ந்து சுற்றும்போது அதன் நடு குழிந்து ஓரம் உயரும். வாளிக்கும் தண்ணீருக்கும் இடையே சார்பு இயக்கம் இல்லாதபோதுதான் குழி விழுகிறது என்பதைக் கவனியுங்கள். எதைச் சார்ந்த சுழற்சி அது என்ற கேள்வி இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் தொட்டு இன்றுவரை தத்துவவாதிகளுக்கும் வேலை கொடுக்கிறது. நம் கணக்குக்கு அது தேவையில்லை.

அறிகுறி: மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமம் என்று எழுதினேன், பிறகு ஏன் நிலா வளைகிறது?

சமமாக இருந்தால் வளையக்கூடாது என்ற சந்தேகம் நூற்றுக்கு நூறு நியாயமானது. புவியோடு சேர்ந்து நகரும், ஆனால் சுழலாத குறிப்பாயத்தில் பார்த்தால் நிலாவை வளைப்பது முக்கியமாக ஒரே விசை, புவியின் ஈர்ப்பு. சமன் செய்ய எதுவுமில்லை. அதனால்தான் நிலா வினாடிக்குச் சுமார் 1 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே, சுமார் 0.0027 மீ/வி² முடுக்கத்தோடு புவியை நோக்கி விழுந்துகொண்டே வளைகிறது.

மையவிலக்கு விசையைச் சேர்க்க வேண்டுமானால் நிலாவோடு சேர்ந்து சுற்றும் குறிப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே நிலா சுற்றவில்லை, சும்மா நிற்கிறது. ஈர்ப்பும் மையவிலக்கும் சமம், அதனால் நிற்கிறது. இரண்டு கதையும் தனித்தனியே சரி. முதல் கதையின் ‘சுற்றுகிறது’ என்பதையும் இரண்டாம் கதையின் ‘சமம்’ என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவதுதான் கோளாறு.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு பிழை, மையவிலக்கு விசையை மையநோக்கு விசையின் எதிர்ச்செயல் என்று எழுதுவது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைக் கயிறு உள்ளே இழுக்கிறது. அதன் எதிர்ச்செயல், கல் கயிற்றை வெளியே இழுப்பது. அது கயிற்றின் மேல் செயல்படுகிறது, கல்லின் மேல் இல்லை.

அறிகுறி: மையவிலக்கு விசையைச் சரியாகப் போட்டும் கணக்கு தலைகீழாக வருகிறது

சுழலும் குறிப்பாயத்தில் இருக்கும் மிகச் சுவையான கோளாறு இதுதான் என்று நான் சொல்வேன். குடை ராட்டினத்தில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கும் வேப்பமரத்தைப் பாருங்கள். உங்கள் பார்வையில் மரம் ராட்டினத்தின் அச்சைச் சுற்றி வட்டமடிக்கிறது. வட்டமடிக்க உள்நோக்கிய விசை வேண்டும். ஆனால் நீங்கள் சேர்த்த மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது. மரத்தின் மேல் இருக்கும் உண்மையான விசைகளோ ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன, அது பாட்டுக்கு நிற்கிறது. அப்படியானால் மரம் எப்படி உங்களைச் சுற்றி வருகிறது?

விட்டுப்போனது கொரியாலிஸ் விசை. சுழலும் குறிப்பாயத்தில் ஒரு பொருள் நிற்காமல் நகர்கிறது என்றால் மையவிலக்கு விசை மட்டும் போதாது. இந்த மரத்தின் விஷயத்தில், மையவிலக்கு விசை வெளியே தள்ளுவதைப் போல் சரியாக இரண்டு மடங்கு உள்ளே இழுக்கிறது கொரியாலிஸ் விசை. இரண்டில் ஒன்று போக, உள்நோக்கி மிச்சமிருப்பது ஒரு மடங்கு. வட்டமடிக்கத் தேவைப்படுவது அதே ஒரு மடங்குதான். கணக்கு நேராகிவிட்டது.

ஆகவே விதி இப்படி: சுழலும் குறிப்பாயத்துக்குள் பொருள் அசையாமல் இருந்தால் மையவிலக்கு மட்டும் போதும். நகர்ந்தால் கொரியாலிஸையும் சேர்க்க வேண்டும். ராட்டினமே வேகம் எடுத்துக்கொண்டோ குறைந்துகொண்டோ இருந்தால் ஆய்லர் விசை என்று மூன்றாவது ஒன்றும் வரும். இந்த மூன்றையும் பார்த்துப் பயந்து, தரைக்கு இறங்கி வந்து கணக்குப் போடுவதில் தப்பே இல்லை. நானும் அதையே பரிந்துரைப்பேன்.

அறிகுறி: பேருந்துக்குள் ஆற்றல் அழியாமை ஒத்துவரவில்லை

பேருந்தின் கூரையில் ஒரு குண்டு நூலில் தொங்குகிறது. பேருந்து திடீரென 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பினால் குண்டு பின்னால் எவ்வளவு கோணம் வரை போகும்? பலர் 11.5 பாகை என்பார்கள். 2-ஐ 9.8-ஆல் வகுத்து வரும் எண்ணை டேஞ்சன்ட்டாக (tan) உடைய கோணம் அது. ஆட்டம் அடங்கியபின் குண்டு நிற்கும் இடம் அது, கடைசியாக எட்டும் இடம் இல்லை. நிற்கும் இடத்தைத் தாண்டி மறுபக்கம் அதே அளவு போகும், ஆகவே விடை சுமார் 23 பாகை.

பேருந்துக்குள் இருந்து ஆற்றல் கணக்குப் போடுகிறவர் போலி விசை செய்யும் வேலையையும் சேர்க்க வேண்டும். எதிர்ச்செயல் இல்லாவிட்டாலும் அந்தக் குறிப்பாயத்தில் அது வேலை செய்கிறது. அதை விட்டால், நின்றுகொண்டிருந்த குண்டு எங்கிருந்தோ ஆற்றல் பெற்று மேலே ஏறியதுபோல் தெரியும். இந்தக் கணக்கைச் சாலையில் நின்று போடுவது வீண் சிரமம். நிலைமமற்ற குறிப்பாயம் லாபம் தருகிற இடம் இது.

அறிகுறி: ஹீலியம் பலூன் முன்னால் போகிறது

பேருந்து கிளம்பும்போது எல்லாரும் பின்னால் சாய, பிள்ளையின் கையிலிருக்கும் பலூன் மட்டும் முன்னால் சாய்கிறது. போலி விசை பொருளைப் பார்த்துத் திசை மாறாது. பலூனையும் அது பின்னால்தான் தள்ளுகிறது. ஆனால் வண்டிக்குள் இருக்கும் காற்றையும் தள்ளுகிறது. பின்பக்கம் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. ஹீலியத்தைவிடக் காற்று அடர்த்தியானதால் அந்த அழுத்த வேறுபாடு பலூனை முன்னால் தள்ளிவிடுகிறது. விட்டுப்போனது காற்றின் உண்மையான விசை. சன்னல்கள் மூடியிருந்தால்தான் இது தெளிவாகத் தெரியும்.

அறிகுறி: மேசை மேல் சும்மா கிடக்கும் போன் 9.8 என்று காட்டுகிறது

ஜெர்மனியின் ஆகன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் போன்ற செயலியில் போனின் முடுக்கமானியைப் பார்க்கலாம். மேசை மேல் வைத்தால் மேல்நோக்கி 9.8 மீ/வி². மெத்தையின் மேல் கைதவறியதுபோல் போட்டால் விழும் நேரத்தில் சுழியை ஒட்டிய எண். போன் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. அந்தக் கருவி புவியீர்ப்பை உணர்வதே இல்லை. அதை எது தாங்குகிறதோ, தள்ளுகிறதோ அதை மட்டும் உணர்கிறது. மேசை மேல்நோக்கித் தாங்குகிறது, அதனால் 9.8. விழும்போது தாங்க யாருமில்லை, அதனால் சுழி. செயலியில் புவியீர்ப்பைக் கழித்தும் கழிக்காமலும் இரண்டு அளவீடுகள் இருக்கும். கழிக்காததை எடுங்கள், கழித்தல் வேலையை நீங்களே செய்வது நல்லது.

வண்டியில் சோதிக்கும்போது மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். 2 மீ/வி² வேகக்குறைவில் பிரேக் போட்டாலும் மொத்தம் 9.8-லிருந்து 10.0 ஆகிறது, அவ்வளவுதான். கிடைத்தளக் கூறில்தான் 2 என்று பளிச்சென்று தெரியும். ஆனால் வண்டி மேட்டில் ஏறினாலும் தரையை ஒட்டிய கூறு இதேபோல் தலைகாட்டும். பிரித்தறிய, மறுபடி மொத்தத்துக்கு வாருங்கள். சீரான வேகத்தில் மேடு ஏறினால் மொத்தம் 9.8-ஐத் தாண்டாது.

விமானத்தில் இது அப்படியே தலைகீழ். 30 பாகை சாய்ந்து சீராகத் திரும்பும் விமானத்தில் தட்டின் மேலுள்ள டம்ளரில் தண்ணீர் தட்டுக்கு இணையாக மட்டமாகவே நிற்கும், தொங்கும் நூலும் விமானத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும். சன்னலை மூடிவிட்டால் நேராகப் பறக்கிறோம் என்றே நினைப்போம். போனின் மொத்த எண் மட்டும் 11.3 என்று காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: விழும் லிஃப்டில் எல்லாம் மிதக்கிறது, அப்போ அது நிலைமக் குறிப்பாயமா?

கேபிள் அறுந்த லிஃப்டுக்குள் பேனாவை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். தள்ளினால் நேர்கோட்டில் சீராகப் போகும். பார்ப்பதற்கு நிலைமக் குறிப்பாயத்தின் எல்லா லட்சணமும் இருக்கிறது.

முதல் சோதனையைப் போடுங்கள். பேனாவின் மேல் புவியின் ஈர்ப்பு இருக்கிறது, கொடுப்பவர் பெயர் புவி. லிஃப்டிலிருந்து பார்த்தால் முடுக்கம் சுழி. இடிக்கிறது. ஆகவே நியூட்டனின் கணக்கில் இது நிலைமமற்ற குறிப்பாயம், மேல்நோக்கிய போலி விசை ஈர்ப்பைச் சமன் செய்கிறது. பள்ளித் தேர்விலும் நுழைவுத் தேர்விலும் இந்த விடைதான் எழுத வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் இதே கதை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் இன்னும் 8.7 மீ/வி² அளவுக்கு இருக்கிறது. அங்கே ஈர்ப்பு இல்லாததால் மிதக்கிறார்கள் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

ஐன்ஸ்டைன் 1907-இல் இதே இடத்தில் வேறு முடிவெடுத்தார். ஈர்ப்பும் நிறைக்கு நேர்விகிதம், எல்லாப் பொருளுக்கும் ஒரே முடுக்கத்தைத் தருகிறது, முடுக்கமானி அதை உணர்வதில்லை. போலி விசையின் அங்க அடையாளங்கள் எல்லாம் அதற்கும் பொருந்துகின்றன. அப்படியானால் தடையின்றி விழுவதையே நிலைமக் குறிப்பாயமாக எடுத்துக்கொண்டு, மேசை மேல் கிடக்கும் போனைத்தான் முடுக்கமடைவதாகக் கொள்ளலாமே என்பது அவர் போன வழி. ஆனால் அது சின்ன இடத்துக்கு மட்டுமே செல்லும். பெரிய லிஃப்டாக இருந்து, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு பேனாவை விட்டால், இரண்டும் புவியின் மையத்தை நோக்கி விழுவதால் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கும்.

அறிகுறி: புவியே சுழல்கிறதே, அப்போ தரையிலிருந்து போட்ட கணக்கெல்லாம் தப்பா?

கறாராகப் பார்த்தால் தரை நிலைமக் குறிப்பாயம் இல்லை. எந்த அளவுக்குத் தப்பு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நிலநடுக்கோட்டில் சுழற்சியால் வரும் மையவிலக்கு முடுக்கம் 0.034 மீ/வி², 9.8-இல் அரை சதவீதம்கூட இல்லை. அதுவும் நாம் ஊசலை வைத்து அளக்கும் ஈர்ப்பு முடுக்கத்துக்குள்ளேயே ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78 என்ற வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான். மிச்சம் புவி நடுவில் பருத்திருப்பதால் வருவது. எனவே அளந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, மேலே தனியாக மையவிலக்கையும் சேர்க்காதீர்கள்.

கொரியாலிஸ் இன்னும் சின்னது. சென்னையில் 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு குண்டைப் போட்டால் சுமார் 2 சென்டிமீட்டர் கிழக்கே தள்ளி விழும், காற்று விட்டுவைத்தால். வாஷ்பேசின் தண்ணீர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதற்கு இதைக் காரணம் சொல்வது கட்டுக்கதை. பேசினின் வடிவமும் தண்ணீரில் மிச்சமிருக்கும் அசைவும்தான் அதை முடிவு செய்கின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்கில் சுழலும் வங்கக்கடல் புயலுக்கு அதே காரணம் பொருந்தும். அது இடஞ்சுழியாகச் சுற்றுவது கொரியாலிஸால்தான்.

சூரியனைச் சுற்றுவதையும் சேர்க்க வேண்டாமா? அந்த முடுக்கம் 0.006 மீ/வி². ஆனால் புவி சூரியனை நோக்கித் தடையின்றி விழுகிற ஒரு பெரிய லிஃப்ட். புவிக்குக் கிடைக்கும் அதே முடுக்கம் உங்களுக்கும் சூரியனிடமிருந்து கிடைக்கிறது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. எஞ்சுவது, புவியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஈர்ப்பு சற்று வேறுபடுவதால் வரும் ஓத விசை மட்டும். கடலுக்கு அது பெரிய விஷயம், உங்கள் சாய்தளக் கணக்குக்கு இல்லை.

அறிகுறி: ஃபூக்கோ ஊசல் கட்டினோம், தப்பான பக்கம் திரும்புகிறது

புவி சுழல்வதைக் காட்ட, 1851-இல் பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் லியோன் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். ஊசலாடும் தளம் மணிக்கு 11 பாகைக்கு மேல் திரும்பியது. அதே எண்ணை எதிர்பார்த்துச் சென்னையில் கட்டினால் ஏமாற்றம்தான். 13 பாகை அட்சரேகையில் மணிக்கு 3.4 பாகைதான் திரும்பும், முழுச் சுற்றுக்கு நாலு நாளுக்கு மேல் ஆகும். மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக.

இதைவிட வேகமாகவோ இடஞ்சுழியாகவோ திரும்பினால் புவியின் மேல் சந்தேகப்படாதீர்கள். குண்டு நேர்கோட்டில் ஆடாமல் மெல்லிய நீள்வட்டத்தில் ஆடுகிறது, அந்த நீள்வட்டம் தன் போக்கில் திரும்பும். கையால் விடும்போது பக்கவாட்டில் கொடுக்கிற சின்னத் தள்ளலே போதும் இதற்கு. அதனால்தான் குண்டை ஒரு நூலால் இழுத்துக் கட்டி வைத்து, அது அசையாமல் அடங்கியபின் நூலைத் தீயில் பொசுக்கி விடுவித்தார்கள். மேலே கம்பியைப் பிடிக்கும் இடம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் ஊசல் அந்தத் திசைக்குச் சாயும். வீச்சைக் குறைத்து, கம்பியை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினால் இந்தத் தொல்லை குறையும். மாடிப்படி நடுவே மூன்று தளம் திறந்திருக்கும் கட்டடம் கிடைத்தால் அங்கே கட்டுங்கள், மின்விசிறியை அணைத்துவிட்டு.